ஊர் பேர் தெரியாத செடி

குளிர்காலம் முடியும் சமயத்தில், குடுவை மாதிரி இலைகளில் பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, போன வருடத்து இலைகளை அடியோடு வெட்ட வேண்டும். காய்ந்த குடுவை ஒன்றைப் பிளந்தால் குளவி இறக்கைகளும் ஈயின் ஓடுகளும் கறுப்புத் தூளாகக் கொட்டும். நாற்றமும் கொஞ்சம் இருக்கும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். வர்ஜீனியாவில் எங்கள் வீட்டு டெக்கில் அறுபது தொட்டிகளுக்குக் கிட்டே இருக்கின்றன; ஒரு மார்ச் சனிக்கிழமை, பாட்டு கேட்டுக்கொண்டே வரிசையாக வெட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது தட்டை முடித்த பிறகுதான் கவனித்தேன், அதிலிருந்த மூன்று தொட்டிகளில் ஒன்றிலும் லேபிள் இல்லை. வெயிலில் கிடந்து கிடந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்த பிளாஸ்டிக், மண் மட்டத்தோடு ஒடிந்து போயிருந்தது. மேல்பாதி காற்றோடு போய்விட்டது. மண்ணுக்குள் இருந்த அடிப்பாதியில் எழுத்து எதுவும் இல்லை.

இரண்டு தொட்டிகளில் இருந்தது சாரசீனியா ஃபிளாவா, மஞ்சள் குடுவை. அது எங்கும் கிடைக்கும், போனால் போகட்டும். மூன்றாவதில் இருந்தது சாரசீனியா ஓரியோஃபிலா, பச்சைக் குடுவை. 1979 முதல் அமெரிக்க மத்திய அரசின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் பட்டியலில் இருக்கும் செடி. உலகத்திலேயே அலபாமா, ஜார்ஜியா, வட கரோலினா மூன்று மாநிலங்களில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணும் மாவட்டங்களில், ஈர நிலத் துண்டுகளிலும் ஓடைக் கரை மணலிலும் மிஞ்சியிருக்கிறது. மூன்றில் எது அது? இலை இருந்தால் சொல்லியிருப்பேன். ஓரியோஃபிலா கோடை நடுவிலேயே குடுவைகளைக் கைவிட்டுவிட்டு, அரிவாள் மாதிரி வளைந்த தட்டை இலைகளை விடும். அவை வசந்தம் வரை நிற்கும். ஃபிளாவாவின் தட்டை இலை நேராக இருக்கும். அந்த இலைகளை எல்லாம்தான் ஐந்து நிமிடம் முன்பு நானே வெட்டி, ஒன்றாகக் கலந்து குப்பைப் பையில் போட்டிருந்தேன். கத்தரிக்கோல் மூளையை முந்திவிட்டது.

இதிலென்ன, வளர்ந்ததும் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்தும்விட்டது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் இரண்டு வருடமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

எண் மட்டும் போட்ட பெரியவர்

அந்த ஓரியோஃபிலா ஒரு பெரியவர் கொடுத்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரம். கொல்லையில் பழைய குளியல் தொட்டிகளைப் புதைத்து, பீட் மாஸ் என்ற மக்கிய பாசியும் மணலும் நிரப்பி, முப்பது வருடமாகக் குடுவைச் செடி வளர்த்தவர். நான் முதல் வருடம் வாங்கிய செடிகளைக் குழாய்த் தண்ணீர் ஊற்றியே கொன்றதைக் கேட்டுவிட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ் மீட்டரைக் கையில் கொடுத்தார். இந்தச் செடிகள் ஊட்டமே இல்லாத சதுப்பில் வளர்ந்து பழகியவை. நைட்ரஜனைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேருக்கு உப்பும் சுண்ணாம்பும் ஆகவே ஆகாது. மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ தண்ணீர். மீட்டர் ஐம்பதைத் தாண்டினால் ஊற்றாதே. உரம் போட்ட மண்ணைக் கிட்டேயே கொண்டுவராதே. அப்புறம், குளிர் பாவம் என்று வீட்டுக்குள் எடுத்து வைக்காதே, மூன்று நான்கு மாதம் அது தூங்கியே ஆகவேண்டும். அவர் சொன்னதில் பாதி 'செய்யாதே' வகைதான். இந்தச் செடியை வளர்ப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான்: நல்ல வெயிலில் வைத்து, தட்டில் தண்ணீர் விட்டு, மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.

நான்காவது வருடம் இஞ்சித் துண்டு மாதிரி ஒரு கிழங்கை ஈரப் பாசியில் சுற்றிக் கொடுத்தார். லேபிளில் பென்சிலால் 'ஓ-7' என்று மட்டும் எழுதியிருந்தது. காசு வாங்கவில்லை. இந்தச் செடியை மாநில எல்லை தாண்டி விற்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். சும்மா கொடுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. "எந்த இடத்துச் செடி?" என்று கேட்டேன். சிரித்தார். "அது நோட்டில் இருக்கிறது" என்றார். தன் செடிகள் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, எந்த மாவட்டம், எந்த ஓடைக்கரை, யார் எந்த வருடம் எடுத்த விதை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நோட்டை யாருக்கும் காட்டமாட்டார். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம்தான். என்னைத் திருடன் என்று நினைக்கிறாரா?

பிறகு புரிந்தது. ஒரு சின்ன ஈரநிலத்தில் நூறு செடிதான் இருக்கும். மண்வெட்டியோடு ஒருவன் ஒரு மதியம் வந்தால் போதும். செடி வளர்ப்பவர்கள் கூடும் இடங்களில் இடப்பெயர் நழுவிவிடும், அது இரண்டு வாய் தாண்டும், மூன்றாவது வாய் கெட்டவன் வாயாக இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் படம் போடும்போது பின்னணியில் மலை தெரியாமல் போடுகிறார்கள். நானே மேலே மாநிலத்தோடு நிறுத்திக்கொண்டதைக் கவனித்திருப்பீர்கள்.

ஜூலை வரை

ஏப்ரலில் மூன்று தொட்டிகளில் ஒன்று பூத்தது. கவிழ்த்த குடை மாதிரி தொங்கும் மஞ்சள் பூ, பக்கத்தில் போனால் பூனை மூத்திர நாற்றம். ஃபிளாவா என்று மூக்கே சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் போன வருடம் நான் கிழங்கைப் பிரித்து நட்டவை. அந்தக் கோபத்தில் பூக்கவில்லை. குடுவைகள் எழுந்தன. உதட்டிலும் மூடியின் அடியிலும் தேன் சுரந்தது, எறும்பு வந்தது, வழுக்கியது, உள்ளே கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்கள் திரும்ப விடவில்லை. எல்லாம் வழக்கம்போல. கைதேர்ந்தவர்கள் குடுவையின் கழுத்தைப் பார்த்தே இது இன்னது என்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காபி குடித்துக்கொண்டே தினமும் காலையில் பார்ப்பேன். ஒரு நாள் இதுதான் என்று தோன்றும், மறுநாள் அதுதான் என்று தோன்றும்.

ஜூலை முதல் வாரம் இடது தொட்டியின் குடுவைகள் பழுப்பாகிச் சரிந்தன. நடுவிலிருந்து வளைந்த இலைகள் வந்தன, அரிவாளேதான். ஓரியோஃபிலா! சந்தோஷத்தில் பழைய போன் படங்களைத் தோண்டினேன். நட்ட அன்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதே நீலத் தொட்டி, லேபிளில் 'ஓ-7'. பெயரும் வந்துவிட்டது, எண்ணும் வந்துவிட்டது. இனி நோட்டு மட்டும்தான்.

பெரியவர் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டிருந்தார். அது எனக்குத் தெரியும், அடக்கத்துக்கும் போயிருந்தேன். அவருடைய மகளிடம் நோட்டைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் தயங்கிவிட்டுக் கூப்பிட்டேன். அந்த அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசினார். வீட்டை விற்றாகிவிட்டது. காலி செய்ய வந்தவர்கள் ஷெட்டில் இருந்ததை எல்லாம் ஒரே லாரியில் ஏற்றிவிட்டார்களாம். "முக்கியமான நோட்டா?" என்று கேட்டார். என்ன சொல்வது? இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றேன்.

மூன்று கேள்வி

எனக்கு ஒரு யோசனை வந்தது. தெற்கே சில தாவரப் பூங்காக்கள் இந்த அரிய குடுவைச் செடிகளைப் பாதுகாப்புக்காக வளர்க்கின்றன. இயற்கையில் ஒரு இடம் அழிந்தால் மறுபடி நட வித்து வேண்டுமே. பெரியவர் முப்பது வருடம் காப்பாற்றியதை என் டெக்கில், ஒரு அணில் மண்ணைக் கிளறினால் போய்விடும் நிலையில் வைத்திருப்பதைவிட அங்கே கொடுப்பது நியாயம் என்று பட்டது. உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. குடுவைச் செடி வளர்ப்பவர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி வரும்: காட்டில் அழிந்தாலும் நம் கொல்லையில் வாழும், நாமும் காப்பாற்றுகிறவர்கள்தான் என்று. நானும் அதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், குறிப்பாக இன்னொரு தொட்டி வாங்கும் நாட்களில் என் மனைவியிடம்.

அத்தகைய இடம் ஒன்றைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். இது எந்த இடத்துச் செடி? எப்போது, யார் வழியாக வந்தது? இது வளர்ந்த இடத்தில் பக்கத்தில் வேறு என்ன குடுவைச் செடிகள் பூத்தன, விதைக் காய்களை வெடிப்பதற்கு முன் வெட்டிவிடுவீர்களா?

முதல் கேள்விக்கு என்னிடம் ஒரு எண்தான் இருந்தது. இரண்டாவதற்குச் செத்துப்போன ஒரு மனிதர். மூன்றாவதில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். சாரசீனியாவில் எல்லா இனமும் ஒன்றோடொன்று கலக்கும், பிறக்கும் கலப்பும் மலடில்லை. அதன் விதை தண்ணீரில் மிதக்கும். நானோ வெவ்வேறு இனத் தொட்டிகளை ஒரே தட்டில் வைத்து, காய்களை வெடிக்கவிட்டு அழகு பார்த்தவன். அந்தத் தொட்டியில் இப்போது இருப்பது பெரியவர் கொடுத்த கிழங்கேதானா, அதன் பக்கத்தில் விழுந்து முளைத்து, நாலைந்து வருடத்தில் அதைத் தள்ளிவிட்டு வளர்ந்த ஏதோ ஒரு பிள்ளையா? அரிவாள் இலை அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அப்பா யார் என்று அந்த இலை சொல்லாது.

பூங்காப் பெண்மணி ஒரு குறையும் சொல்லவில்லை. மெதுவாக விளக்கினார். ஜார்ஜியாவின் மலை ஓரத்துச் செடியும் அலபாமாவின் பீடபூமியில் இருக்கும் செடியும் ரொம்ப காலமாகப் பிரிந்து, அந்தந்த இடத்துக்குப் பழகி வளர்ந்தவை. தெரியாமல் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை நட்டால் மிஞ்சியிருக்கும் வித்தியாசமும் கலைந்துபோகும். பல தொட்டிகள் உள்ள இடத்திலிருந்து வரும் செடியோடு நோயும் பூச்சியும் வரலாம். எல்லாம் சரிதான். கடைசியில், "அழகான செடி. நீங்களே வைத்துச் சந்தோஷப்படுங்கள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு யாரோ கன்னத்தில் தட்டிக்கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். "செடிக்குமா சாதிச் சான்றிதழ் கேக்குறாங்க?" என்று அவள் சிரித்தாள். எனக்கும் முதலில் அப்படித்தான் எரிந்தது. சுத்தம், கலப்பு என்ற பேச்சு எங்கே வந்தாலும் நமக்கு ஒரு கூச்சம் வரும், வரவும் வேண்டும். ஆனால் யோசிக்க யோசிக்க, அவர் கேட்டது சாதிச் சான்றிதழ் மாதிரி படவில்லை, இருப்பிடச் சான்றிதழ் மாதிரிதான் பட்டது. இது யாருக்குப் பிறந்தது என்பதைவிட, இதைத் திரும்பக் கொண்டுபோய் விட ஒரு வாசல் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. ஓரியோஃபிலா என்ற பெயரே கிரேக்கத்தில் 'மலையை விரும்புவது' என்று அர்த்தம். சரி, எந்த மலையை? (இதைப் புலம்பெயர்ந்தவன் கதையாக எழுதிவிடாதீங்க என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள். எழுதவில்லை.)

இன்னொரு செடி, இன்னொரு விதம்

சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன், ஆனால் அது நேர்மையாக இருக்காது. என்னிடம் ஊர் தெரியாத செடி இன்னொன்று இருக்கிறது. இரண்டாவது வருடம், ஆசை தலைக்கேறிய காலம். தினமும் ராத்திரி இணைய ஏலங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைத் தலைச் செடி, சாரசீனியா லூக்கோஃபிலா, அதில் நல்ல உயரமான ஒன்று 65 டாலருக்கு வந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு நரம்பு பின்னிய மாதிரி மூடி. பார்த்தால் யாரும் விழுவார்கள். பூக்கடைகளில் ஜாடியில் வைக்க இந்தக் குடுவைகளை வெட்டி விற்கும் அளவுக்கு அழகு. வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்தபோது வேரைச் சுற்றி இருந்தது பீட் மாஸ் இல்லை, சாம்பல் நிற மணல். கிழங்கோடு பின்னிக்கொண்டு ஏதோ காட்டுப் புல்லின் வேர். மண் கட்டியில் நகக்கண் அளவு ட்ரோசெரா ஒன்று, பூச்சி தின்னும் இன்னொரு வகைச் செடி, பசைத் துளிகளோடு. ஒரு குடுவையின் வாயைப் பட்டு நூலால் அடைத்துக்கொண்டு, உள்ளே ஒரு அந்துப்பூச்சிப் புழு உட்கார்ந்திருந்தது. எக்சைரா என்ற அந்தப் பூச்சிக்குக் குடுவைச் செடிதான் வீடு, தின்பதும் அதையே.

அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போனஸ் என்று தோன்றியது. ஒரு செடி வாங்கினால் ட்ரோசெராவும் புழுவும் இலவசம் என்று நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன். ஒன்று இருந்தால் தற்செயல். மணலும் புல்லும் புழுவும் சேர்ந்து வந்தால் யாரோ ஒரு சதுப்பிலிருந்து மண்வெட்டியால் பெயர்த்தது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. விற்றவனின் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது. செடி மட்டும் இருக்கிறது, வருடா வருடம் பூக்கிறது. என்ன செய்ய முடியும்? பிடுங்கிப் போடுவதா?

இரண்டு தொட்டிகளும் இப்போது ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒன்று திருடியவன் ஊரைச் சொல்லாததால் ஊர் இழந்தது. இன்னொன்று, திருடன் போகக்கூடாதே என்று நல்லவர் ஊரைச் சொல்லாததால் ஊர் இழந்தது. பெரியவர் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டை எனக்குக் காட்டியிருந்தால் அந்த நாலாவது வருடத்து நான் என்ன செய்திருப்பேன்? மண்வெட்டி எடுத்துப் போயிருக்க மாட்டேன். ஆனால் யாரிடமாவது பெருமைக்குச் சொல்லியிருப்பேன், கண்டிப்பாக.

ஸ்ப்ளின்டர் ஹில்

அடுத்த ஏப்ரலில் தெற்கு அலபாமா வரை காரிலேயே போனோம், ஒரு நாள் நடுவில் தங்கி. பால்ட்வின் மாவட்டத்தில் ஸ்ப்ளின்டர் ஹில் என்ற சதுப்பு இருக்கிறது. நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு பாதுகாக்கும் நிலம், எல்லோரும் போய்ப் பார்க்கலாம். அதனால் பெயர் சொல்வதில் தப்பில்லை. சதுப்பு என்றதும் நான் இருட்டான சேறு, தொங்கும் கொடி என்று கற்பனை செய்திருந்தேன். அங்கே இருந்தது நல்ல வெளிச்சமான ஒரு சரிவு. தள்ளித் தள்ளி நிற்கும் லாங்லீஃப் பைன் மரங்கள், நடுவே புல், புல்லுக்குள் ஆயிரக்கணக்கில் வெள்ளைத் தலைகள். மண் கறுப்பாக இருந்தது. சமீபத்தில்தான் எரித்திருந்தார்கள்.

வேண்டுமென்றேதான் எரிக்கிறார்கள், சில வருடங்களுக்கு ஒரு முறை. தீ வராவிட்டால் புதர் மண்டிவிடும், நிழல் விழும், குடுவைச் செடி குறுகிச் செத்துவிடும். தீ வந்தால் மேலே இருப்பது கருகும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்து, வெளிச்சத்தில் துளிர்க்கும். முன்பு மின்னல் செய்த வேலை அது, பூர்வகுடி மக்கள் செய்த வேலை. தென்கிழக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்த லாங்லீஃப் காடு சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தது. வெட்டியும், தீயை அடக்கியும், வடிகால் தோண்டியும் அது 30 லட்சம் ஏக்கருக்குக் கிட்டே இறங்கியது. பட்டியலில் பெயர் இருப்பதால் ஓரியோஃபிலாவுக்குக் காவல் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். தனியார் நிலத்தில் வளரும் செடியை நிலத்துக்காரரே உழுது போட்டால் மத்தியச் சட்டம் அதைத் தடுப்பதில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. செடியின் பட்டியல் வேறு, நிலத்தின் பட்டா வேறு.

குனிந்து பார்த்தேன். எனக்கு 65 டாலருக்கு வந்த பெட்டியில் இருந்ததெல்லாம் அங்கே இருந்தன. அதே சாம்பல் மணல், அதே புல், ட்ரோசெரா, நூலால் வாயடைத்த குடுவை. ஒரு குடுவையைத் தொட்டுப் பார்த்தால் அதன் காலடியில் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். என் டெக்கில் நான் அந்தக் கசிவுக்குப் பதிலாகத் தட்டு வைத்திருக்கிறேன், தீக்குப் பதிலாகக் கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன். புழுவைக் கொன்றுவிட்டேன். புல்லைப் பிடுங்கிவிட்டேன். களை என்று நினைத்து! மனைவி வெகுநேரம் பேசாமல் நடந்துவிட்டு, "இங்க இருக்கறதப் பாத்தா நம்ம வீட்டுல இருக்கறது வேற ஏதோ செடி மாதிரி இருக்கு" என்றாள். நான் மறுக்கவில்லை.

நோட்டு

செடி வளர்ப்பதை விட்டுவிடவில்லை. அப்படி ஒரு முடிவை எதிர்பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தால் மன்னிக்கவும். காலை வெயிலில் ஃபிளாவா குடுவைகளின் பின்னால் ஒளி பாயும்போது பார்த்தவர்கள் விடமாட்டார்கள். ஆனால் காப்பாற்றுகிறேன் என்ற வார்த்தையை நிறுத்திவிட்டேன். விதைக் காய்களை வெடிப்பதற்கு முன் வெட்டிவிடுகிறேன். ஓ-7 தனித் தட்டில் இருக்கிறது. யார் என்ன செடி கொடுத்தாலும் முதலில் பூங்காப் பெண்மணி கேட்ட மூன்று கேள்விகளைக் கேட்கிறேன், சில நட்புகள் அதனாலேயே கொஞ்சம் ஆறிவிட்டன. பிளாஸ்டிக் லேபிள் எல்லாம் போய், மெல்லிய அலுமினியத் தகட்டில் பேனா முனையால் அழுத்தி எழுதி, ஒன்றை வெளியிலும் ஒன்றை மண்ணுக்குள்ளும் வைக்கிறேன். ஓ-7 தகட்டில் இடம் என்ற வரியில் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கினேன். அறுபது செடிகளுக்கும் எண் போட்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, ஊர் தெரிந்த ஏழெட்டுச் செடிகளுக்கு ஊரோடு எழுதி முடித்தேன். யாருக்கும் காட்டக்கூடாது என்றும் தோன்றியது, தொலையக்கூடாது என்றும் தோன்றியது. கடைசிப் பக்கத்தை எழுதி மூடியபோது மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "சரிங்க, நமக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இத யார்கிட்ட கொடுக்கணும்?"

இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போதைக்கு அது பாஸ்போர்ட் வைக்கும் இழுப்பறையில் இருக்கிறது.